நாவுக்கு எழுதியவர்: இளங்கோவனும் தமிழ்த் திரை வசனமும்



செங்கல்பட்டில் நின்றுகொண்டு திரைப்பட எழுத்தைப் பற்றிப் பேசச் சொன்னால், முதலில் சொல்ல வேண்டிய பெயர் இளங்கோவன். அவர் இந்த ஊர்க்காரர். இயற்பெயர் தணிகாசலம். ‘அம்பிகாபதி’, ‘திருநீலகண்டர்’, ‘அசோக் குமார்’, ‘கண்ணகி’, ‘சிவகவி’, ‘ஹரிதாஸ்’ என்று 1937 முதல் 1944 வரை தமிழ்நாட்டையே கொட்டகைக்கு இழுத்த படங்களுக்கு வசனம் எழுதியவர். எம்.கே. தியாகராஜ பாகவதரின் பாட்டை இன்றும் முணுமுணுக்கிற பெரியவர்கள் இந்த அரங்கில் இருப்பீர்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் பாகவதர் பேசியதை எழுதியவர் நம்மூர்க்காரர் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? மாணவர்கள் முகத்தைப் பார்த்தால் விடை தெரிகிறது. அது உங்கள் குற்றமில்லை. சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் சொல்லிக்கொடுக்கவில்லை.

இளங்கோவனைப் பற்றி எழுதியவர்கள் பலரும் ஒரே செய்தியைச் சொல்வார்கள்: அழகு தமிழை, அடுக்கு மொழியைத் திரைக்குக் கொண்டுவந்தவர் அவர் என்று. அது உண்மைதான். ஆனால் அவருடைய பெருமை அதோடு முடிந்துவிடவில்லை. பேசுகிறவரின் வாய்க்கும் மூச்சுக்கும் அளவெடுத்து எழுதியவர் அவர். அலங்காரத்தைப் பின்னால் வந்தவர்கள் அள்ளிக்கொண்டார்கள். அளவைப் பெரும்பாலோர் எடுத்துக்கொள்ளவில்லை. இன்று நான் பேசப்போவது அந்த அளவைப் பற்றி.

அதற்குமுன், இந்த மண்ணில் பேச்சுக்காக எழுதிய இரண்டு பேரைச் சொல்லியாக வேண்டும். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் சிறிது தொலைவில் வல்லம். அங்கே குன்றைக் குடைந்த குடைவரைக் கோயில் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. அவனுடைய விருதுப்பெயர்கள் அங்கே கல்வெட்டாக நிற்கின்றன. அந்த மகேந்திரவர்மன் ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்ற நகைச்சுவை நாடகத்தை எழுதியவன். காஞ்சிபுரத்துத் தெருவில் நடக்கிற கதை. குடித்துத் தள்ளாடுகிற காபாலிகன் ஒருவனுடைய கபாலம் தொலைந்துபோகிறது. பக்கத்தில் போன பௌத்த பிக்குவின் மேல் அவனுக்குச் சந்தேகம். சண்டை. உண்மையில் அதைக் கவ்விக்கொண்டு போனது ஒரு நாய். கடைசியில் ஒரு பைத்தியக்காரன் கையிலிருந்து அது திரும்பி வருகிறது. இவ்வளவுதான். ஒரு பொருள் தொலைகிறது, அதைத் தேடும்போது மனிதர்களின் சாயம் வெளுக்கிறது. இன்றைக்குக் கதை விவாதத்தில் உட்கார்ந்து யாராவது இதைச் சொன்னால் தயாரிப்பாளர் நிமிர்ந்து உட்காருவார். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த நாடகத்தில் எல்லோரும் ஒரே மொழி பேசவில்லை என்பது. காபாலிகன் பேசுவது சம்ஸ்கிருதம், அவனுடன் வருகிற தேவசோமா பேசுவது பிராகிருதம், பைத்தியக்காரன் பேச்சும் பிராகிருதமே. அவரவர் வாய்க்கு அவரவர் பேச்சு என்ற அந்த நாடக மரபை ஓர் அரசனும் மதித்துத்தான் எழுதியிருக்கிறான்.

இரண்டாமவர் பம்மல் சம்பந்த முதலியார். அவர் பிறந்து வளர்ந்தது சென்னை. ஆனால் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்ட பம்மல் இன்று நம் செங்கல்பட்டு மாவட்டத்துக்குள், தாம்பரம் மாநகராட்சியில் இருக்கிறது. 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கி, 1895-இல் ‘மனோகரா’வை மேடையேற்றியவர். விடிய விடியப் பாட்டாகவே நடந்துகொண்டிருந்த தமிழ் மேடையில் உரைநடையில் பேசி நடிக்கலாம் என்று காட்டியது அவருடைய சாதனை. நீதிமன்றத்தில் நீதிபதியாக உட்கார்ந்தவருக்கு வழக்காடும் பேச்சின் ஏற்ற இறக்கம் காதில் நன்றாகப் பதிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவர் நாடகங்களின் வேகமான காட்சிகளில் அது கேட்கிறது. அதே ‘மனோகரா’ 1954-இல் சிவாஜி கணேசன் நடிக்க, மு. கருணாநிதி வசனத்தில் படமானது. பம்மலாரின் உரைநடைக்கும் அந்தப் படத்தின் வசனத்துக்கும் நடுவில் அறுபது ஆண்டு இடைவெளி. அந்த இடைவெளியில் நின்று உரைநடையைத் திரைக்கு ஆக்கிக் கொடுத்தவர்தான் இளங்கோவன்.

அவர் வந்தபோது தமிழ்ப் பேசும்படம் எந்த நிலையில் இருந்தது என்று பாருங்கள். முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931 அக்டோபரில் வந்தது. அதில் ஒருவர் தமிழ் பேசினார், மற்றவர் தெலுங்கு பேசினார். பிறகு வந்த படங்கள் நாடக மேடையை அப்படியே கேமராவுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தவை. ஒரு படத்தில் ஐம்பது பாட்டுக்கூட இருக்கும். வசனம் என்பது அடுத்த பாட்டுக்கு வழிவிடுகிற இரண்டு வரி. அதுவும் பாதி வடமொழி, பாதி வீட்டுப் பேச்சு. பின்னணிக் குரல் என்ற வசதி தமிழுக்கு வந்தது 1938-இல். அதுவரை நடிகர் கேமராவுக்கு முன்னாலேயே பாட வேண்டும், பேச வேண்டும். மைக் எங்கே தொங்குகிறதோ அதற்கு எட்டுகிற தூரத்தில்தான் அசையலாம். மூச்சு வாங்கினால் அதுவும் பதிவாகும். நாக்குத் தடுக்கினால் பிலிம் வீண்.

இளங்கோவன் பத்திரிகைத் துறையிலிருந்து வந்தவர். வ.ரா., டி.எஸ். சொக்கலிங்கம், ஸ்டாலின் சீனிவாசன் ஆகியோர் 1933-இல் தொடங்கிய ‘மணிக்கொடி’யின் காற்று அவர் மேலும் வீசியது. ‘தினமணி’யோடும் அவருக்குத் தொடர்பு உண்டு. புதிய உரைநடையைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த தலைமுறை அது. அந்தத் தலைமுறையின் பெரிய கலைஞர்கள் பலர் சினிமாவின் வாசலில் நின்றிருக்கிறார்கள். பி.எஸ். ராமையா போனார். புதுமைப்பித்தன் போனார். ‘ராஜமுக்தி’க்கு எழுதப் புனே போன இடத்தில் காசநோய் முற்றி, 1948-இல் திருவனந்தபுரத்தில் புதுமைப்பித்தன் மறைந்தது தமிழிலக்கியத்தின் ஆறாத காயம். அவர்களுக்கெல்லாம் முன்னால் உள்ளே போய், எழுத்தாளன் பெயருக்காகவும் ஜனங்கள் படம் பார்க்க வருவார்கள் என்று நிரூபித்தவர் இளங்கோவன். இலக்கிய வரலாற்று நூல்களில் மணிக்கொடிக்காரர்களின் வரிசையில் அவர் பெயரைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது. அச்சில் வந்தால்தான் எழுத்து என்ற பழக்கம் நமக்கு அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது.

‘அம்பிகாபதி’யை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தவர். கலிபோர்னியாவில் திரைப்படக் கலை படித்துவிட்டு 1935-இல் இந்தியாவுக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. படப்பிடிப்பு நடந்தது கல்கத்தாவில். கதை கம்பர் மகன் அம்பிகாபதியினுடையது. சோழ இளவரசி அமராவதியைக் காதலித்து, சிற்றின்ப வாடை இல்லாமல் நூறு பாட்டுப் பாடினால் உயிர் பிழைக்கலாம் என்ற நிபந்தனைக்கு உட்பட்டு, காப்புச் செய்யுளையும் சேர்த்து எண்ணிவிட்ட ஒரு கணக்குப் பிழையால் உயிரை விட்ட கவிஞன் கதை. டங்கனுக்கு அது ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட்டை நினைவுபடுத்தியது. அந்த நாடகத்தின் காதல் காட்சிகளைப் போலத் தமிழில் வேண்டும் என்று இளங்கோவனிடம் கேட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். இயக்குநருக்குக் கதை புரிகிறது, காதல் புரிகிறது, ஒளியும் நிழலும் புரிகிறது. வாக்கியம் மட்டும் புரியாது. ஒரு வரி நன்றாக வந்ததா, நடிகர் சரியாக உச்சரித்தாரா, எந்தச் சொல்லில் அழுத்தம் விழ வேண்டும் என்று அவரால் தீர்ப்புச் சொல்ல முடியாது. வேறு படத்தில் இயக்குநர் பார்த்துக்கொள்கிற பாதி வேலையை இங்கே எழுதப்பட்ட வரியே செய்தாக வேண்டும். எப்படிப் படித்தாலும் சரியாக விழுகிற வரியாக அது இருந்தாக வேண்டும்.

அவர் அதை எப்படிச் செய்தார் என்று சொல்ல, தமிழ் வாக்கியத்தின் குணத்தைச் சொல்ல வேண்டும். நம் மொழியில் வினை கடைசியில் வரும். அதுவரை கேட்பவர் காத்திருக்க வேண்டும். காகிதத்தில் படிக்கும்போது கண் முன்னால் ஓடிப்போய் வினையைப் பிடித்துக்கொள்ளும். காது அப்படி ஓட முடியாது. அதுவும் கொட்டகையில், முறுக்குக்காரன் சத்தத்துக்கும் குழந்தை அழுகைக்கும் நடுவில், ஒரு ஒலிபெருக்கியிலிருந்து வருகிற கரகரப்பில், நீண்ட வாக்கியம் பாதி வழியிலேயே தொலைந்துவிடும். அவர் படத்து வரிகளை இங்கே ஒப்பிக்காமல் என் சொந்த வாக்கியத்தால் காட்டுகிறேன். ‘நீ போன பிறகு இந்த மாளிகையில் எரிகிற எத்தனையோ விளக்குகளும் எனக்கு வெளிச்சம் தருவதில்லை என்பதை நான் எப்படி உனக்கு எடுத்துச் சொல்வேன்’ என்று ஒரு காதலி பேசுவதாக வைத்துக்கொள்வோம். இலக்கணம் சரி. நடிகைக்கு நடுவில் மூச்சு விட இடமில்லை. கேட்பவர்களுக்குக் கடைசிவரை பொருள் கையில் சிக்காது. இதையே, ‘விளக்கு எரிகிறது, வெளிச்சம் இல்லை. மாளிகை இருக்கிறது, மனம் இல்லை. நீ போய்விட்டாய்’ என்று மாற்றிப் பாருங்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு மூச்சு. ஒவ்வொரு துண்டிலும் பொருள் முடிந்துவிடுகிறது. முதல் துண்டில் ஓசை பழகிவிடுவதால் இரண்டாவது துண்டு சரிவரக் காதில் விழாவிட்டாலும் மனம் நிரப்பிக்கொள்ளும். அடுக்குமொழி, எதுகை மோனை என்று நாம் பிற்காலத்தில் கொண்டாடியதும் சலித்ததும் பிறந்த இடம் இதுதான். அழகுக்காக மட்டும் அது வரவில்லை. கரகரத்த ஒலிபெருக்கியில் பொருள் சிதறாமல் காதில் சேர அது வேண்டியிருந்தது.

1941-இல் ‘அசோக் குமார்’. ராஜா சந்திரசேகர் இயக்கம். அசோகரின் மகன் குணாளனை மாற்றாந்தாய் திஷ்யரட்சிதை ஆசைப்பட்டு, கிடைக்காத வெறியில் அவன் கண்கள் போவதற்குக் காரணமாகிற கதை. திஷ்யரட்சிதையாக நடித்தவர் பி. கண்ணாம்பா. அடுத்த ஆண்டே ஜூபிடர் பிக்சர்ஸ் எடுத்த, ஆர்.எஸ். மணி இயக்கிய ‘கண்ணகி’. அதில் கோவலன் பி.யு. சின்னப்பா, கண்ணகி அதே கண்ணாம்பா. கண்ணாம்பாவின் தாய்மொழி தெலுங்கு. ஒரே ஆண்டு இடைவெளியில், தமிழைக் கற்றுப் பேசுகிற ஒரே நடிகையின் வாயில், மகனாக நினைக்க வேண்டியவனை விரும்புகிறவளின் பேச்சையும், கணவனுக்காக அரசனையே நிறுத்திக் கேட்கிறவளின் பேச்சையும் இளங்கோவன் வைத்தார். இரண்டு படங்களும் இன்றும் பார்க்கக் கிடைக்கின்றன. அடுத்தடுத்து வைத்துக் கேளுங்கள். திஷ்யரட்சிதையின் பேச்சு குழைந்து, நீண்டு, எதிராளியின் முகத்தைப் பார்த்துப் பார்த்து நகரும். வழக்குரைக்கும் கண்ணகியின் பேச்சு யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

இளங்கோவன் என்று பெயர் வைத்துக்கொண்டவருக்குச் சிலப்பதிகாரத்தை எழுதும் வாய்ப்பு வந்தது. இளங்கோவடிகளின் வழக்குரை காதை ஏற்கெனவே ஒரு நீதிமன்றக் காட்சி. அரசன் நீ யார் என்று கேட்கிறான். அவள் தன் பெயரைச் சொல்வதற்குமுன் தன் ஊரைச் சொல்கிறாள், புறாவுக்காகத் தன்னையே தந்தவனும் கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்டவனும் ஆண்ட ஊர் என்று. எதிரில் இருப்பவன் நீதி தவறியவன் என்று நேரே சொல்லாமலே சொல்லியாகிவிட்டது. பிறகு சிலம்பு. உன் தேவியின் சிலம்பில் முத்து, என் சிலம்பில் மாணிக்கம். உடைக்கிறாள். தெறிக்கிறது. அரசன் விழுகிறான். திரைக்கதை எழுதுகிறவர்கள் இதைவிடச் சிக்கனமான காட்சியைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கவிதையை அப்படியே பேச வைத்தால் கொட்டகையில் பாதிப்பேருக்குப் புரியாது. வீட்டுப் பேச்சாக்கினால் கண்ணகி கண்ணகியாக இருக்க மாட்டாள். இரண்டுக்கும் நடுவில், புரிகிற உயர்ந்த தமிழ் ஒன்றை அவர் உண்டாக்கிக் கொடுத்தார். பின்னால் மேடைப் பேச்சாளர்கள் கைக்கொண்ட தமிழுக்கு அந்தத் திரைத் தமிழும் ஒரு ஊற்று. சு. தியடோர் பாஸ்கரன் போன்ற திரைப்பட வரலாற்றாசிரியர்கள் வசனகர்த்தாக்களின் காலத்தை இளங்கோவனிடமிருந்து தொடங்குவது பொருத்தமே.

போர்க்காலத்தில் கச்சா பிலிமுக்குப் பஞ்சம் வந்தது. படத்தின் நீளம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்று 1943-இல் அரசு கட்டுப்பாடு விதித்தது. நிமிடத்துக்குத் தொண்ணூறு அடி ஓடுகிற பிலிமில் அது இரண்டு மணி நேரம். மூன்று மணி நேரத்துக்கும் மேல் பழகிய ரசிகர்களுக்கு, பாகவதரின் பாட்டுகளையும் விடாமல், ஒரு முழு வாழ்க்கையை இரண்டு மணி நேரத்தில் சொல்ல வேண்டும். அந்தக் கட்டுக்குள் எடுத்த படம்தான் 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’. சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்ட படம். பெற்றோரை விரட்டிவிட்டு ரம்பாவின் மயக்கத்தில் கிடப்பவன், எல்லாவற்றையும் இழந்து, கால் இழந்து, பெற்றோர் காலடியில் வந்து சேர்கிறான். பாட்டுக்கே பெரும்பகுதி போய்விடுவதால் வசனத்துக்கு மிஞ்சிய இடம் கொஞ்சம். இளங்கோவன் படங்களில் எனக்கு மிகப் பிடித்தது இதன் வசனந்தான். அலங்காரம் குறைந்து, காரியம் மட்டும் பேசுகிறது. பாகவதரின் பலம் பாட்டு, பேச்சு அல்ல. அதையறிந்து அவருக்குக் குறுகிய வரிகளாகக் கொடுத்து, பேச்சு சூடேறும் இடத்தில் பாட்டு பிடித்துக்கொள்ளும்படி விட்டிருக்கிறார். அதே ஆண்டின் கடைசியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதர் கைதானார். 1947-இல் விடுதலையாகி வெளியே வந்தபோது திரையுலகம் வேறாகியிருந்தது.

1949-இல் அண்ணாவின் ‘வேலைக்காரி’. 1950-இல் கருணாநிதியின் ‘மந்திரி குமாரி’. இளங்கோவனை அறிமுகப்படுத்திய அதே டங்கன்தான் ‘மந்திரி குமாரி’யையும் இயக்கியவர். 1952-இல் ‘பராசக்தி’. இந்தத் தலைமுறைக்குச் சொல்ல அரசியல் இருந்தது, அதைச் சொல்ல சிவாஜி போன்ற ஒரு நாவு கிடைத்தது. அவர்களுடைய பெருமையைக் குறைப்பது என் நோக்கமில்லை. ஆனால் அவர்களைப் பின்பற்றியவர்களிடம் ஒன்று நடந்தது. அண்ணனும் தம்பியும், வக்கீலும் வண்டிக்காரரும் ஒரே அடுக்குமொழியில் பேசத் தொடங்கினார்கள். எல்லா வாயிலும் வசனகர்த்தா ஒருவரே குடியேறினார். அதன் எதிர்வினையாகத்தான் 1959-இல் ஸ்ரீதரின் ‘கல்யாணப் பரிசு’ இயல்பாகப் பேசியது, 1978-இல் மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’ பேச மறுத்தது. ‘தங்கப்பதக்கம்’ போன்ற படத்துக்கு வசனம் எழுதிக் கைதட்டல் வாங்கிய மகேந்திரனே வசனத்தைக் குறைத்தார் என்பதைக் கவனியுங்கள். அவர் கோபப்பட்டது பேச்சின் மேல் அல்ல, எல்லோருக்கும் ஒரே பேச்சு என்ற நிலையின் மேல் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

மீண்டும் இந்த மண்ணுக்கு வருகிறேன். இங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் மாமல்லபுரம். அந்தக் கடற்கரை மணலில் ரசிகமணி டி.கே.சி.யோடு உட்கார்ந்திருந்தபோது மனத்தில் எழுந்த காட்சிகளிலிருந்து ‘சிவகாமியின் சபதம்’ பிறந்ததைக் கல்கி தம் முன்னுரையில் எழுதியிருக்கிறார். கல்கியும் திரைக்கு எழுதியவர். 1939-இல் ‘தியாகபூமி’க்குக் கதை, 1945-இல் டங்கன் இயக்கிய ‘மீரா’வுக்கு வசனம். 1965-இல் எம்.ஜி.ஆரும் சரோஜாதேவியும் நடித்த ‘கலங்கரை விளக்கம்’ மாமல்லபுரத்தில் நடக்கிற கதை. கதாநாயகி தன்னைச் சிவகாமி என்று நம்புகிற பெண். கல்கியின் கற்பனையில் பிறந்த ஒரு நாட்டியக்காரி, ஏறத்தாழ இருபது ஆண்டில் அந்தக் கரையில் உண்மையாக வாழ்ந்தவளைப் போல இன்னொரு கதையின் பெண்ணைப் பிடித்து ஆட்டுகிற அளவுக்கு வந்துவிட்டாள். எழுத்து செய்யக்கூடிய காரியம் அது. இன்றைக்கும் கதை விவாதத்துக்கு மாமல்லபுரத்தில் அறை போட்டு உட்காருகிற வழக்கம் சினிமாக்காரர்களுக்கு உண்டு. அங்கிருந்து சென்னை வரை கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுக ஷூட்டிங் பங்களாக்கள்.

அந்தப் பங்களாக்களில் தொலைக்காட்சித் தொடர்களுக்கு நானும் சில காலம் வசனம் எழுதியிருக்கிறேன். காலையில் சீன் பேப்பர் போக வேண்டும். மேக்கப் போட்டுக்கொண்டே நடிகர்கள் படிப்பார்கள். ப்ராம்ப்ட்டிங் கொடுக்கிறவர் பக்கத்தில் நின்று வரி வரியாகச் சொல்லுவார். கதாநாயகி பல சமயம் கர்நாடகத்திலிருந்தோ கேரளத்திலிருந்தோ வந்தவராக இருப்பார். பிறகு டப்பிங்கில் வேறொரு பெண் குரல் கொடுப்பார். ஆக, ஒரு வரி இரண்டு வாய்க்குப் பொருந்த வேண்டும். இதைவிட, கேட்கிறவர்களைப் பற்றி அங்கே நான் கற்றது பெரிது. தொடரைப் பெண்கள் பாதி நேரம் பார்ப்பதில்லை, கேட்கிறார்கள். அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது கூடத்திலிருந்து சத்தம் மட்டும் வருகிறது. அதனால்தான் தொடரில் பாத்திரங்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டே இருக்கிறார்கள், நடந்ததை மறுபடி சொல்கிறார்கள். படித்தவர்கள் கேலி செய்கிற இந்தக் குணம் ஒரு தேவையிலிருந்து வந்தது. வேலை செய்துகொண்டே கேட்கிற ஒரு பெண்ணின் காதை மதித்து எழுத வேண்டிய தேவை. அந்த வேலையில் திணறிய நாட்களில்தான் நான் ‘கண்ணகி’யையும் ‘ஹரிதாஸை’யும் கண்ணை மூடிக்கொண்டு கேட்கத் தொடங்கினேன். அதுவரை அவற்றைப் பழைய படங்களாகப் பார்த்திருந்தேன். கேட்டபோது பாடமாயின.

ஆகவே இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளைக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன். ‘கண்ணகி’யின் வழக்குரைக் காட்சியைப் படத்திலிருந்து கேட்டுக் கேட்டு எழுத்தில் இறக்க வேண்டும். வெறும் சொற்களை மட்டும் எழுதினால் போதாது. கண்ணாம்பா எங்கே மூச்சு விடுகிறார், எந்தச் சொல்லில் அழுத்துகிறார், எந்த இடைவெளி எவ்வளவு நீள்கிறது என்று குறியிட்டுப் பதிவு செய்ய வேண்டும். சங்கீத மாணவர்கள் ஒரு கீர்த்தனையை ஸ்வரப்படுத்துவதுபோலத் தமிழ் மாணவர்கள் இதைச் செய்யலாம். பக்கத்திலேயே சிலப்பதிகார மூலத்தையும் வைத்து, இளங்கோவன் எதை விட்டார், எதைச் சேர்த்தார் என்று எழுத வேண்டும். அடுத்து ‘அசோக் குமார்’, அடுத்து ‘ஹரிதாஸ்’. உங்கள் வீட்டுப் பரண்களில் அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகங்கள் இருந்தால் அவற்றைத் தேடிக் கொண்டுவந்து இந்தக் கல்லூரி நூலகத்தில் சேருங்கள். கொட்டகை வாசலில் விற்ற அந்த மெல்லிய புத்தகங்களில் கதைச்சுருக்கமும் கலைஞர்கள் பட்டியலும் இருக்கும். பெயர் எந்த எழுத்தளவில், எந்த இடத்தில் அச்சானது என்பதும் நமக்கு ஒரு சான்று. இந்த வேலைக்கு இரண்டு மாணவர்கள் முன்வந்தால் போதும், அவர்களோடு உட்கார்ந்து முதல் காட்சியை எழுத நான் வருகிறேன்.